வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கியர் சைக்கிளை வேலைக்குப் போகும் வண்டியாக மாற்ற முடியுமா? முள்ளும் கரிசலும் காற்றும் உள்ள ஊருக்கு என்ன கணக்கு?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு சுமார் 15 கிலோமீட்டர். மேடு பள்ளம் பெரிதாகக் கிடையாது. சைக்கிளில் நிதானமாக மிதித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் இன்றைக்கு இந்தத் தூரத்தை மில்லுக்கும் தறிக்கும் கடைக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் பைக்கிலோ பஸ்ஸிலோதான் கடக்கிறார்கள்.

போக 15, வர 15 என்றால் ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக், பெட்ரோல் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 60 ரூபாய். மாதம் 25 நாள் வேலைக்கு 1,500 ரூபாய். தினக்கூலி வாங்குகிற வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. பெண்களுக்கு சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் விடியற்காலை ஷிஃப்டுக்கும், இரவு ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கும் உள்கிராமத்துக்கு பஸ் இருக்க வேண்டுமே?

இதே ஊர்களில் பல வீடுகளில் பையன் எட்டாவது படிக்கும்போது ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய 'கியர் சைக்கிள்' ஒன்று, டயர் வெடித்து, செயின் துருப்பிடித்து, மாட்டுக் கொட்டகையிலோ மாடிப்படிக்குக் கீழேயோ கிடக்கிறது. தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சர்பர், 21 கியர். மலைப்பாதைக்கான வடிவம் அது. அதைத் தினசரி வேலைக்குப் போகும் வண்டியாக மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் யூடியூபில் சொல்கிறபடி அப்படியே மாற்றினால் இந்தப் பக்கம் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஏன் என்பதைப் பார்க்கலாம்.

முதலில், எந்த சைக்கிளில் காசு போடக் கூடாது?

வேடிக்கை என்னவென்றால், மவுன்டன் பைக் என்கிற வண்டியே பழைய சைக்கிளை மாற்றியதில் பிறந்ததுதான். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் கவுன்டி இளைஞர்கள், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, தேவையில்லாததைக் கழட்டி எறிந்துவிட்டு மலைச்சரிவில் ஓட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ பிரீஸ் 1977-ல் இதற்கென்றே தனியாக ஃபிரேம் செய்தார். அதே ஜோ பிரீஸ் 2000-களில் வேலைக்குப் போய்வருவதற்கான சைக்கிள்கள் பக்கம் திரும்பிவிட்டார்! அவர்கள் கழட்டிப் போட்ட மட்கார்டையும் கேரியரையும் திரும்ப மாட்டுவதுதான் இப்போது நாம் பேசும் வேலை.

ஆனால் எல்லா ஃபிரேமும் இதற்குத் தகுதியானது இல்லை. வண்டியைத் துடைத்து வெயிலில் நிறுத்தி மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பார் குழாயும் பார் கம்பியும் சேரும் வெல்டிங், பெடல் அச்சு இருக்கும் குழாய், பின்சக்கரம் மாட்டும் இடம். பெயின்டில் முடி மாதிரி மெல்லிய கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு ஃபிரேம், நல்ல வெல்டிங் பட்டறையில் ஓரளவு சரிசெய்யலாம். ஒட்டாவிட்டால் அலுமினியம். அலுமினிய ஃபிரேமில் விரிசல் விழுந்தால் ஊர்ப் பட்டறையில் பற்றவைத்து ஓட்டுவது ஆபத்து. சூட்டில் அந்த இடமே பலமிழந்துபோகும். எடைக்குப் போட்டுவிடலாம்.

முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சர்பர் உள்ள 'டபுள் ஷாக்' வண்டி என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். விலை குறைந்த வண்டிகளில் பின் ஷாக் வெறும் கனம். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி மேலும் கீழும் ஆடும். மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கு ஸ்பிரிங்குக்கே போய்விடும். கேரியர் மாட்டவும் சரியான இடம் இருக்காது. 15 கிலோமீட்டர் தினமும் போக அது சரிப்படாது.

அடுத்து உயரம். எட்டாவது படித்த பையனுக்கு வாங்கிய வண்டியை அப்பா ஓட்டப்போகிறார் என்றால் சீட் கம்பியை உயர்த்த வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும்; அதுதான் சரியான உயரம். அந்த உயரத்துக்கு ஏற்றும்போது சீட் கம்பியில் குறித்திருக்கும் கோடு வெளியே தெரிந்தால் அந்த ஃபிரேம் அவருக்குச் சின்னது. கோட்டைத் தாண்டி ஏற்றினால் ஓட்டும்போது கம்பி வளையலாம், ஃபிரேமே கிழியலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் நல்ல நிலையில் இருந்தால், கியர் சைக்கிளைத் தொடவே வேண்டாம். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் ஏற்கெனவே உள்ள, எந்த ஊர்க் கடையிலும் உதிரி பாகம் கிடைக்கிற வண்டி அது. அதற்கு ஒரு ஓவராயிலிங் போதும்.

டயர்: இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள்

மவுன்டன் பைக்கை ரோட்டு வண்டியாக்க உலகம் முழுக்கச் சொல்லப்படும் முதல் யோசனை, பட்டன் பட்டனாக உள்ள தடித்த டயரைக் கழட்டிவிட்டு மெலிந்த, வழவழப்பான டயர் போடு என்பது. தார் ரோட்டில் அந்தப் பட்டன்கள் ஒவ்வொன்றும் மடங்கி நிமிர்வதில் சக்தி வீணாகிறது என்பது உண்மைதான். 'கொர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, அது உங்கள் கால் வலியின் சத்தம்.

ஆனால் அந்த யோசனை சொன்னவர்கள் ஊரில் சீமைக்கருவேலம் கிடையாது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். மரம் இன்னும் கண்மாய்க்குள்ளும் ரோட்டோரத்திலும் நிற்கிறது. வெட்டிக் கரிமூட்டத்துக்கு ஏற்றிப் போகும்போது முள் ரோட்டில் சிந்துகிறது. காய்ந்த முள் ஆணி மாதிரி. அது போதாதென்று மண்பாதை ஓரமெல்லாம் நெருஞ்சி. இந்த நெருஞ்சி அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்து அங்குள்ள சைக்கிள்காரர்களைப் படாத பாடு படுத்துகிறது. ஆட்டுத்தலை மாதிரி இருப்பதால் அதற்கு 'கோட்ஹெட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இடாஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் இந்த முள்செடியைப் பிடுங்குவதற்கென்றே ஒரு சைக்கிள் திருவிழா நடத்தியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே இந்தப் பக்கத்துக்கு ஏற்ற டயர், மெலிந்த 1.5 அங்குலம் இல்லை. 1.75 அல்லது 1.95 அங்குல அகலத்தில், நடுவில் விடாமல் ஓடும் ஒரு வரியும் இரண்டு ஓரத்தில் மட்டும் சின்னப் பட்டன்களும் உள்ள டயர். தார் ரோட்டில் நடு வரி மட்டும் தரையைத் தொடும். கண்மாய்க் கரை மண்ணில் இறங்கினால் ஓரப் பட்டன்கள் பிடிக்கும். நடுவில் ரப்பர் கனமாக இருப்பதால் நெருஞ்சி அவ்வளவு சுலபமாக டியூபைத் தொடாது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. '26 சைஸ்' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் சாதாரண சைக்கிளுக்கான 26 × 1⅜ டயரை எடுத்துக் கொடுத்துவிடலாம். அது மவுன்டன் பைக் ரிம்மில் உட்காரவே உட்காராது. பழைய டயரின் பக்கவாட்டில் 50-559 என்பது போல ஒரு எண் இருக்கும். கடைசி மூன்று இலக்கம் 559 என்று இருப்பதைத்தான் வாங்க வேண்டும். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். 47 என்றால் 1.75, 50 என்றால் 1.95. வண்டி 27.5 அல்லது 29 அங்குலம் என்றால் எண் வேறு. பழைய டயரையே கையோடு கொண்டுபோவது உத்தமம்.

முள்ளைச் சமாளிக்க இன்னும் இரண்டு வழி உண்டு. ஒன்று பழைய நாட்டு வைத்தியம். தேய்ந்துபோன ஒரு டயரின் இரண்டு ஓரத்துக் கம்பியையும் வெட்டி எடுத்துவிட்டு, மீதிப் பட்டையைப் புது டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைப்பது. கனம் கூடும், ஆனால் கருவேல முள்ளுக்கே ஓரளவு தாங்கும். பட்டையின் ஓரம் கூர்மையாக இருந்தால் அதுவே டியூபை அறுத்துவிடும். ஓரத்தைச் சீவி மெலிதாக்கி, கொஞ்சம் பவுடர் தூவி வைக்க வேண்டும். இன்னொன்று டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம். பைக் டியூபில் இருப்பது போன்ற வால்வு என்றால் உள் ஊசியைக் கழட்டி ஊற்றிவிடலாம். நெருஞ்சி போடும் சின்ன ஓட்டைகளை அது அடைக்கும். ஆனால் இங்கே அடிக்கிற வெயிலில் அது உள்ளேயே காய்ந்துவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஊற்ற வேண்டும்.

பஞ்சர் ஒட்டும்போது டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்க்காமல் மாட்டக் கூடாது. உடைந்த முள்நுனி உள்ளேயே இருந்தால் அடுத்த கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி பஞ்சர். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

வெயில் பற்றி ஒரு சின்னக் கணக்கு. காலையில் 30 டிகிரியில் 60 பி.எஸ்.ஐ. காற்று அடித்த டயர், மதியம் மில் வாசலில் வெயிலில் நின்று 60 டிகிரிக்குச் சூடானால் உள்ளே அழுத்தம் சுமார் 67 ஆகிவிடும். புது டயருக்கு அது ஒன்றுமில்லை. பக்கவாட்டில் வெடிப்பு விழுந்த பழைய டயர் 'டமார்'தான். அதனால்தான் பல வருடம் கிடந்த டயரை, பட்டன் தேயாமல் இருந்தாலும், மாற்றச் சொல்கிறார்கள். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள் மேல்பக்கமாக வைத்தால் மிதிக்க லேசாக இருக்கும்.

மலையே இல்லாத ஊரில் கியர் எதுக்கு?

நியாயமான கேள்வி. ரிப்பேர் வந்தால் பார்க்க ஆள் இல்லை என்று எல்லாக் கியரையும் பிடுங்கிவிட்டு ஒரே கியராக மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் இந்த ஊரில் கியர் தேவைப்படுவது மலைக்காக இல்லை, காற்றுக்காக.

ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, தென்மேற்குப் பருவக்காற்று காய்ந்த காற்றாக இந்தச் சமவெளியில் வீசும். திருச்சுழி, அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. திருச்சுழிப் பக்கமிருந்து காலையில் அருப்புக்கோட்டைக்கு வேலைக்கு வருகிறவருக்கு முழுக்க எதிர்க்காற்று. மாலையில் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிடும். அருப்புக்கோட்டையில் குடியிருந்து கிழக்கே வேலைக்குப் போகிறவருக்கு இது தலைகீழ். களைத்துப்போன நேரத்தில், காற்று பலமாக இருக்கும் மாலையில், எதிர்த்து மிதிக்க வேண்டும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. முகத்தில் மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் இதுதான் நடக்கும். அப்போது இறக்கிப் போட ஒரு லேசான கியர் இல்லாவிட்டால் முழங்கால் போய்விடும்.

அதற்காக 21 கியரும் வேண்டாம். பெடல் பக்கம் உள்ள மூன்று பல்சக்கரத்தில் நடுவில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, முன் கியர் மாற்றியையும் அதன் கேபிளையும் கழட்டிவிடலாம். பின்னால் உள்ள ஏழு கியர் போதும். கெட்டுப்போகிற சாமான்களில் பாதி அதோடு குறைந்துவிடும். நடுச் சக்கரம் 38 பல், பின்னால் 16 பல் என்றால், நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் வேகம் சுமார் 20 கிலோமீட்டர். திருச்சுழியிலிருந்து முக்கால் மணி நேரம்.

செயின் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு இரும்பு டேப் போதும். ஒரு ஊசியின் நடுவிலிருந்து அளந்தால், 12 அங்குலத்தில் மிகச் சரியாக இன்னொரு ஊசி வர வேண்டும். அரைக்கால் அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினையும், பெரும்பாலும் பின் ஃப்ரீவீலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது செயினைப் பழைய பல்லில் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது நழுவும். நடு ரோட்டில் அது விளையாட்டு இல்லை.

முன் ஷாக்கை என்ன செய்வது?

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் ஷாக்கின் உள் புஷ் தேய்ந்துவிட்டது. துருப்பிடித்து அசையாமலே இருந்தால், அது வெறும் கனமான ஃபோர்க். ஆடாமல் இறுக்கமாக இருக்கும்வரை அதைக்கூட ஓட்டலாம்.

ஆடுகிறதென்றால் சாதாரண இரும்பு ஃபோர்க் போடலாம். ஆனால் அளவு பார்க்காமல் வாங்கக் கூடாது. சாதாரண ஃபோர்க் சில சென்டிமீட்டர் குட்டையாக இருக்கும். முன்பக்கம் தாழ்ந்து, ஹேண்டில் வெடுக்கென்று திரும்பும், திருப்பத்தில் பெடல் தரையில் இடிக்கும். மேல்தண்டு மரை போட்டதா இல்லையா, எவ்வளவு தடிமன் என்பதும் பொருந்த வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் புது ஃபோர்க்கில் டிஸ்க் பிரேக் மாட்டும் காது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முன் பிரேக்கே இல்லாத வண்டியாகிவிடும். பிரேக் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். இரண்டு பக்கமும் கேபிள், அதன் உறை, பிரேக் கட்டை எல்லாமே புதிது.

சேலை, கரிசல், கேரியர்

மவுன்டன் பைக்கில் செயின் கவர் கிடையாது. மலையில் ஓட்டுகிறவன் சேலையோ வேட்டியோ கட்டுவதில்லை என்பது காரணம். மில்லுக்குப் போகும் பெண் ஓட்டுவதாக இருந்தால் செயின் கவரும், பின்சக்கரத்தில் சேலை மாட்டாமல் தடுக்கும் வலையும் கட்டாயம். துப்பட்டா ஸ்போக்ஸில் சிக்கி விழுகிற விபத்து சாதாரண வேகத்திலேயே கழுத்துக்கு ஆபத்தானது. குறுக்குப் பார் இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போது ஆண்கள் சைக்கிளையே விரும்பி எடுத்தவர்களும் உண்டு. பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதுதான் காரணம்.

மட்கார்டு மாட்டும்போது கரிசலை மறந்துவிடக் கூடாது. ஐப்பசி மழையில் கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டே வரும். மட்கார்டு டயரை ஒட்டி இருந்தால் நூறு அடியில் சக்கரம் சுற்றுவது நின்றுபோகும். வண்டியைத் தூக்கித் தோளில்தான் வைக்க வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் குறைந்தது இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். வீட்டுக்குப் போகிற பாதை முழுக்கக் கரிசல் மண்ணாக இருந்தால், மழைக்காலத்தில் முன் மட்கார்டைக் கழட்டி வைப்பதே மேல். நனைவது பரவாயில்லை.

கேரியருக்குப் பின் அச்சுப் பக்கத்தில் மரை ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கிளாம்ப் போட்டு மாட்டலாம். ஆனால் டிஃபன் பாக்ஸுக்கு மட்டும் அது போதும். நூல் மூட்டையோ சேலைக் கட்டோ, தண்ணீர்க் குடமோ ஏற்றுவதாக இருந்தால் அச்சு போல்ட்டிலேயே காலூன்றும் இரும்புக் கேரியர் வேண்டும். பின் ரிம்மில் கோட்டம் எடுத்து, எல்லா ஸ்போக்ஸும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய அரசு சைக்கிள் வீட்டில் உடைந்து கிடந்தால் அதன் கேரியரும் ஸ்டாண்டும் பல வண்டிகளுக்குப் பொருந்தும்.

இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு விளக்கு இல்லாமல் இந்த வேலையே முழுமையாகாது. ஊரைத் தாண்டினால் தெருவிளக்கு கிடையாது. முன்னால் வெள்ளை விளக்கைவிடப் பின்னால் சிவப்பு விளக்குதான் உயிரைக் காப்பாற்றும். மணல் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நீங்கள் தெரிய வேண்டும். மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையைத் தொட வேண்டியிருந்தால் சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதிலேயே போங்கள். சுற்று மிச்சம் என்று எதிர்த்திசையில் வருவது வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு செலவாகும்?

கடைக்குக் கடை விலை மாறும். டயர், டியூப், கேபிள், பிரேக் கட்டை, செயின், மட்கார்டு, கேரியர், விளக்கு, ஓவராயிலிங் கூலி என எல்லாவற்றுக்கும் முதலிலேயே ஒரு தொகை கேட்டுவிடுங்கள். கியர் இல்லாத ஒரு புது சைக்கிளின் விலையில் பாதிக்கு மேல் போனால் விட்டுவிடுவது நல்லது. சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பில் போட்டு வாங்கும்போது அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன பெட்ரோல் கணக்குப்படி, 3,000 ரூபாய் செலவு என்றால் இரண்டு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

கையில் காசு மொத்தமாக இல்லாவிட்டால் எதை முதலில் செய்வது? பிரேக், டயர், பின் விளக்கு. மட்கார்டும் கேரியரும் அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஹேண்டில்பார் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவதெல்லாம் கடைசி.

முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறக்காமல் ஒருமுறை கடையில் விட வேண்டும். புது கேபிள் கொஞ்சம் நீண்டிருக்கும், ஸ்போக்ஸ் தளர்ந்திருக்கும், பெடல் கிராங்க் போல்ட் இளகியிருக்கும். அதை இறுக்காமல் ஓட்டினால் கிராங்கின் ஓட்டை தேய்ந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. பையில் ஒரு மாற்று டியூப், கைப் பம்பு, டயர் கழட்டும் நெம்பி, ஒரு ஸ்பேனர். அருப்புக்கோட்டையை விட்டு வெளியே வந்தால் இரவு எட்டு மணிக்கு மேல் பஞ்சர் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் புறப்பட முடியாது.